மகிழமரத்தடியில் ஒரு சத்தியம்

சிங்கப்பூரில் தமிழ்நாட்டுக்காரர்கள் நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், தேநீர் ஆறுவதற்குள் தமிழக அரசியல் வந்துவிடும். தேக்கா சந்தையின் உணவங்காடியில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இருபது வருடங்களுக்கு மேலாக இதைப் பார்த்துவருகிறேன். பேச்சின் போக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். முதலில் ஊரில் மழை அல்லது மழையின்மை. பிறகு சாலைகள், லஞ்சம், இலவசங்கள், ஓட்டுக்குப் பணம். கடைசியில் யாராவது ஒருவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நமக்கும் ஒரு லீ குவான் யூ வேணும் சார்" என்பார். மற்றவர்கள் ஆமோதித்தபின் கூட்டம் கலையும். 2015 மார்ச்சில் லீ குவான் யூ மறைந்தபோது மன்னார்குடிப் பக்கத்தில் அஞ்சலிச் சுவரொட்டிகள் ஒட்டினார்கள் என்ற செய்தியை அந்த மேசையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நானே ஒன்றிரண்டு தடவை சொல்லியும் இருக்கிறேன்.

அந்த மேசையில் எனக்கென்று ஒரு தனி இடம் உண்டு. மற்றவர்கள் தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கைக்காரர்கள். நான் ஒருவன்தான் வடசென்னை. "சினிமாவில் காட்டுற மாதிரியேவா சார் உங்க ஏரியா?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் ஏமாற்றமடைவார்கள் என்பதால் அரிவாள் கதை ஒன்றிரண்டைச் சொல்லிவைப்பேன். உண்மையில் நான் சிறுவயதில் அரிவாளைப் பார்த்ததெல்லாம் மீன் கடையிலும் இளநீர் வண்டியிலும்தான். பார்த்ததைவிட அதிகமாகக் கேட்டது சங்கு. ஆலைச் சங்கு.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பிறந்தவர்களுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு சங்கு; ஒவ்வொன்றுக்கும் ஒரு தொண்டை. 1946இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிப் பின்னால் டயருக்கு மாறிய எம்.ஆர்.எஃப்., 1948இல் எண்ணூரில் தொடங்கிய லேலண்ட், 1955 முதல் புல்லட் செய்த என்ஃபீல்டு, தீப்பெட்டிக்கு விம்கோ. 2021இல் மெட்ரோ ரயில் ஒருவழியாக எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது ஒரு நிலையத்துக்கு விம்கோ நகர் என்றே பெயர் வைத்தார்கள். அப்பா இப்படியொரு ஆலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். இரண்டாவது ஷிப்ட் முடிந்து வரும் அவருடைய சட்டையில் ரப்பரும் வியர்வையும் கலந்த வாசனை ஒன்று இருக்கும். இன்றைக்கும் எங்காவது புது டயர் கடையைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் அரசியல் என்பது செய்தித்தாள் விஷயமாக இருக்கவில்லை. அது தெருமுனைப் படிப்பகம், தொழிற்சங்க வாயிற்கூட்டம், குழாயில் தண்ணீர் வராத நாளில் குடங்களை வரிசையாகச் சாலையின் குறுக்கே வைப்பது. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் கூட்டம் நடந்தபோது, பதினான்கு வயதுப் பையனாகத் தன் அண்ணனோடு நின்று நனைந்ததாக அப்பா சொல்லுவார். நனைந்ததாகச் சொல்கிற எல்லாரும் நிஜமாகவே வந்திருந்தால் பூங்கா தாங்கியிருக்காது என்று அம்மா கேலி செய்வாள். பின்னாளில் அப்பா சங்கத்தில் சிவப்புக்கொடி, தேர்தலில் உதயசூரியன் என்று இரண்டு விசுவாசங்களோடு வாழ்ந்தார். இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

எங்கள் கரையைப் பற்றி அவர் சொன்ன ஒன்றை மட்டும் நான் நெடுநாள் நம்பாமல் இருந்தேன். "மெரினா மணல் நம்மளுது" என்பார். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சோழமண்டலக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கடலோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதாங்கிச் சுவர்களை எழுப்பியபோது அந்த ஓட்டம் தடைபட்டது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் கரைந்தன. கல்லைக் கொட்டிக் கொட்டித்தான் எங்கள் கரை நிற்கிறது. அண்ணாவும் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் கலைஞரும் உறங்குவது எங்களுக்கு வந்து சேராமல் போன மணலில். இதை யார்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரே சுவர் ஒரு பக்கம் உலாவும் கடற்கரையையும் மறுபக்கம் இடியும் வீடுகளையும் உண்டாக்குகிறது என்பதை ஊரைவிட்டு வந்தபின்தான் என்னால் ஒரே காட்சியாகப் பார்க்க முடிந்தது.

*

2003இல், சார்ஸ் ஓய்ந்த கையோடு, நான் சிங்கப்பூர் வந்தேன். முதலில் கப்பல் பட்டறை; பிறகு ஜூரோங் தீவில் ஒரு இரசாயன ஆலை. இன்று அங்கே பாதுகாப்புப் பிரிவில் மேற்பார்வையாளன். ஜூரோங் தீவு இயற்கையான தீவு அல்ல. ஏழு சிறு தீவுகளுக்கிடையே கடலைத் தூர்த்து இணைத்து 2000ஆம் ஆண்டு முறைப்படி திறந்தார்கள். அந்தத் தீவுகளில் ஒருகாலத்தில் மீனவக் குடும்பங்கள் இருந்தன. அவர்களைப் பெருநிலத்து அடுக்குமாடிகளுக்குக் குடியேற்றிவிட்டார்கள். இப்போது அங்கே ஆலைகள் மட்டும். அனுமதி அட்டை இல்லாமல் யாரும் நுழைய முடியாது. ஆலைக்கும் தொட்டிலுக்கும் நடுவே கடல் இருக்கிறது. எண்ணூரில் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சுற்றுச்சுவர்.

வெளிநாட்டு வாழ்க்கை எப்படி என்று ஊரில் கேட்கிறார்கள். சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்பதே அதன் சிறப்பு. பேருந்து வரும். மின்சாரம் இருக்கும். மின்தூக்கி பழுதானால் அறிவிப்பு ஒட்டுவார்கள். ரயில் நிலையத்தில் தமிழிலும் பெயர் எழுதியிருக்கும். அதில் எழுத்துப்பிழை இருந்தால் நமக்குக் கோபம் வரும். பத்தாவது மாடி ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி உலர்த்துவோம். எதிர்வீட்டு மலாய்ப் பாட்டி நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் தருவார். நாங்கள் தீபாவளிக்கு முறுக்கு தருவோம். இதைத் தாண்டி நான் அவரிடம் பேசியது மொத்தமாக ஒரு மணி நேரம் இருக்காது.

2025 மே 3ஆம் தேதி இங்கே பொதுத்தேர்தல். குடிமக்கள் கட்டாயம் வாக்களிக்கவேண்டும். எங்கள் புளோக்கே காலையில் கீழே இறங்கிப் போயிற்று. நிரந்தரவாசியான எனக்கு வாக்கு இல்லை. விடுமுறை மட்டும் உண்டு. நான் மூங்கில் கழியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இந்தியத் தேர்தலிலும் இதே நிலைதான். 2011 முதல் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் வாக்காளராகப் பதிவுசெய்துகொள்ள வழி உண்டு. ஆனால் வாக்குச்சாவடிக்கு நேரில் வந்தாகவேண்டும். நான் ஒருமுறைகூடப் போனதில்லை. ஆக, இருபத்திரண்டு வருடமாக எங்கும் வாக்களிக்காத ஒருவன் நான். பதினெட்டு வயதானதும் என் மகன் இந்த நாட்டின் தேசிய சேவைக்குப் போவான். அவனுடைய அப்பா தேக்காவில் உட்கார்ந்து இன்னொரு நாட்டு முதலமைச்சரைத் திட்டிக்கொண்டிருப்பான்.

இங்கே நான் எதையும் கேட்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். பேருந்துக் கட்டணம் ஏறினால் தோளைக் குலுக்கிக்கொள்கிறேன். ஊரில் பால் விலை ஏறினால் முகநூலில் அரைப்பக்கம் எழுதுகிறேன். விலை கொடுக்கவேண்டிய இடத்தில் மௌனம், செலவில்லாத இடத்தில் வீரம். என்னைப்போன்றவர்களின் அரசியலைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

*

2017 ஜனவரியை எடுத்துக்கொள்வோம். மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் கூடிய அந்த ஒரு வாரம், வெளிநாட்டுத் தமிழர்கள் எவருக்கும் தூக்கமில்லை. சிங்கப்பூரில் அனுமதியின்றிக் கூட்டமாக நிற்க முடியாது. ஆகவே நாங்கள் எல்லாரும் முகநூலில் காளைப் படம் வைத்தோம். நானும் வைத்தேன். எங்கள் பகுதியில் காளையைக் கடைசியாக நான் பார்த்தது பொங்கல் மாட்டு ஊர்வலத்தில். வாடிவாசலைப் பார்த்தது தொலைக்காட்சியில் மட்டும். இருந்தாலும் கண் கலங்கியது. 23ஆம் தேதி போராட்டம் தடியடியில் முடிந்தது.

சரியாக ஐந்து நாள் கழித்து, 28ஆம் தேதி அதிகாலை, எண்ணூர்க் கரைக்கு அப்பால் பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. முதலில் கசிவே இல்லை என்றார்கள். பிறகு எர்ணாவூர்ப் பாறைகளில் கறுப்புக் கூழ் வந்து படிந்தது. மாணவர்களும் மீனவர்களும் தொழிலாளர்களும் பக்கெட்டில் அள்ளினார்கள். உலகமே அந்தப் பக்கெட்டைப் பார்த்துச் சிரித்தது. என் முகநூலில் காளைப் படம் அப்படியே இருந்தது. பிப்ரவரி 7ஆம் தேதி இரவு ஓ. பன்னீர்செல்வம் ஜெயலலிதா சமாதியில் கண்மூடி அமர்ந்தார்; பிறகு கூவத்தூர் விடுதி. எண்ணெய் செய்தியிலிருந்தே நழுவிப்போனது. அந்த இரண்டு வாரங்களில் தேக்கா மேசையில் எத்தனை எம்.எல்.ஏ.க்கள் எந்தப் பக்கம் என்று எண்ணியவர்களில் நானும் ஒருவன். அக்காவிடம் பேசியபோதும் அதைத்தான் பேசினேன். அவள் நடுவில், "மீன் வாங்கறதில்லடா இப்ப, எண்ணெ வாடை அடிக்குது" என்றாள். நான் அதைச் சமையல் செய்தியாக எடுத்துக்கொண்டேன்.

அக்கா எண்ணூரில், பெரியகுப்பத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அத்தான் கன்டெய்னர் யார்டில் ஒப்பந்த வேலை. அப்பா போனபின் அம்மாவும் அங்கேதான். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். வெள்ளம் வடிவதற்குள் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. படகு, வலை, அலையாத்தி வேர், கூழைக்கடா எல்லாம் கறுத்துப்போயின. அக்கா மகன் மக்கில் எண்ணெய் அள்ளி டிரம்மில் ஊற்றுகிற படத்தை எனக்கு அனுப்பினான். கையுறை இல்லை. பாதுகாப்பு மேற்பார்வையாளனான நான், "சூப்பர்டா" என்று பதில் போட்டேன். அந்தப் பதிலை இன்னும் அழிக்கவில்லை. அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுண்டு.

அதே மாதம் 26ஆம் தேதி. 2004இல் சுனாமி வந்த அதே தேதி. சிங்கப்பூரில் விடியற்காலை இரண்டரை மணிக்குமேல் இருக்கும், ஊரில் நள்ளிரவு. அக்கா மகன் அழைத்தான். பின்னால் பெண்கள் அலறும் சத்தம்.

"மாமா, கண்ணு எரியுது. மூச்சு வுட முடியல. தெருவே ஓடுது. இன்னா பண்றது?"

"என்னடா வாடை?"

"கக்கூஸ் கழுவற மருந்து மாதிரி, கப்புனு ஏறுது மாமா."

அந்த ஒரு சொல்லில் எனக்கு விளங்கிவிட்டது. அமோனியா. கடற்கரையோர ஆலை ஒன்றுக்குக் கப்பலிலிருந்து அதைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு என்பது பின்னால் தெரிந்த செய்தி. அப்போது எனக்குத் தெரிந்தது நான் தினமும் சொல்லிக்கொடுப்பது மட்டும்தான். அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். ஆகவே ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடவேண்டும். காற்றோடு சேர்ந்து ஓடக்கூடாது. ஓடினால் வாயுவும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்கே போகவேண்டும். சொன்னேன். பிறகு கேட்டேன்: "காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

"தெரியல மாமா. இருட்டா கீது."

தொடர்பு அறுந்தது. அடுத்த ஐம்பது நிமிடம் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். மனைவி எழுந்து விளக்கைப் போட்டு ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசியில் அத்தான் எடுத்தார். எண்பது வயதில், இழுப்பு நோயுடன் இருக்கும் அம்மாவை ஷேர் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு திருவொற்றியூர் சன்னதித் தெருவுக்கு வந்துவிட்டார்கள். கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா மூச்சு விடுகிறாள். அந்த இரவில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

காலை ஏழு மணிக்கு நான் வேலைக்குப் போனேன். வேறென்ன செய்வது? வாயிலில் அட்டையைக் காட்டி உள்ளே நுழைந்ததும் தலைக்குமேலே காற்றின் திசை காட்டும் துணிப்பை, நாங்கள் விண்ட்சாக் என்று சொல்வது, வடகிழக்குக் காற்றில் உப்பித் தென்மேற்கைக் காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஆலையில் எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு துணிப்பை கண்ணில் படும். அப்படி இருக்கவேண்டும் என்பது விதி. பதினாறு வருடமாக அதன்கீழ் நடக்கிறேன். புதிதாக வரும் ஒவ்வொருவனையும் அங்கே நிறுத்தி, சைரன் ஊதினால் முதலில் இதைப் பார், பிறகு ஓடு என்று சொல்லியிருக்கிறேன். பங்களாதேஷியிடம் சொல்லியிருக்கிறேன். சீனரிடம் சொல்லியிருக்கிறேன். அறந்தாங்கிக்காரனிடம் சொல்லியிருக்கிறேன். அமோனியாவுக்கு இரண்டு தெரு தள்ளிப் படுத்திருக்கும் என் அம்மாவிடம் சொன்னதில்லை.

அக்கா அதை இரண்டு நாள் கழித்துக் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. "இன்னாடா தம்பி, இத்தினி வருசமா அத்தத்தானே பாத்துக்கினு கீற? ஈரத்துணி கட்டுங்கன்னு ஒரு நாளாவது சொல்லிக்கிறியா? யார் யார்கூட கூட்டணி வெப்பான்னு மட்டும் ஃபோன் போட்டுச் சொன்ன."

*

2024 ஏப்ரல் 19ஆம் தேதி தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல். அன்று மாலை அவளோடு பேசும்போது பழைய பழக்கம் போகவில்லை. ஓட்டுக்குப் பணம் வாங்கினாயா என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் நீதிபதி இருந்திருக்கவேண்டும்.

"வாங்கிக்கினேன். ரெண்டு பேரு குட்த்தாங்க. ரெண்டு பேர்கிட்டயும் வாங்கிக்கினேன். ஓட்டு எனக்குத் தோண்ன ஆளுக்குப் போட்டேன். நீ அனுப்பற துட்டயும்தான் மாசாமாசம் வாங்கிக்கிறேன். நீ சொல்றபடியா நடக்கறேன்?"

நான் சிரித்துவிட்டேன். இரவு படுக்கையில் சிரிப்பு வரவில்லை. தூரத்தில் இருந்துகொண்டு பணம் அனுப்புகிறவர்களின் வரிசையில் என்னையும் நிறுத்திவிட்டாள். வாக்கை விற்பது சரி என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் அமோனியா கசிந்தபின் மீனவக் கிராமங்கள் வாரக்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது, சமையலை முடித்துவிட்டுப் போய் அந்தப் பந்தலில் உட்கார்ந்தவள் அவள்தான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டதை எனக்கு அவள்தான் சொன்னாள். கவுன்சிலரின் கைபேசி எண் அவளுக்கு மனப்பாடம். என் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் பெயர் இங்கே எனக்கு உடனே ஞாபகம் வராது. எங்கள் இருவரில் யாருக்கு அரசியல் தெரியும்?

இரண்டு மாதம் கழித்து, 2024 ஜூன் 14ஆம் தேதி, சிங்கப்பூரிலும் அது நடந்தது. பாசிர் பாஞ்சாங் முனையத்தில் வாக்ஸ் மாக்ஸிமா என்ற தூர்வாரும் கப்பல், நின்றுகொண்டிருந்த எரிபொருள் கப்பலான மரின் ஹானரில் மோதியது. சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. செந்தோசாவும் ஈஸ்ட் கோஸ்டும் கறுத்தன. தேக்கா மேசையில், "பாத்தீங்களா, எப்படிச் செய்றாங்கன்னு" என்றார்கள். உண்மைதான். அமைச்சர்கள் விளக்கம் சொன்னார்கள். எந்தக் கடற்கரை மூடப்பட்டது, எப்போது திறக்கும் என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. தவறு யாருடையதாக இருந்தாலும் எண்ணெய் கொட்டிய கப்பலின் உரிமையாளர் பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டத்தில் முன்கூட்டியே எழுதியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போகாமல் ஈஸ்ட் கோஸ்டுக்குப் போனேன். தடுப்புக்கு அப்பால் வெள்ளை உடுப்பில் வரிசையாக மணலை வாரிக்கொண்டிருந்தார்கள். பாதிப்பேர் நம்மூர் முகம். ஓய்வுக்கு வந்த ஒரு பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். "பூட்ஸ், கிளவுஸ் எல்லாம் குடுத்திருக்காங்கண்ணே, பிரச்சனை இல்லை" என்றான். மாலையில் அவர்களை ஏற்றிப்போக லாரி வந்தது. பின்தட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். மனிதர்களை இப்படி லாரியில் ஏற்றிச்செல்வது சரியா என்று இந்த நாட்டில் பல வருடமாக விவாதம் நடக்கிறது. அந்த விவாதத்தில் லாரியில் உட்கார்ந்திருப்பவனுக்குக் குரல் இல்லை. அங்கே என் அக்கா மகனுக்கு வாய் இருந்தது, கையுறை இல்லை. இங்கே இந்தப் பையனுக்குக் கையுறை இருக்கிறது, வாய் இல்லை. லீ குவான் யூ வேண்டும் என்று சொல்லும்போது நாம் எதைக் கொடுத்து எதை வாங்க நினைக்கிறோம் என்பதை அந்த மேசையில் ஒருநாளும் பேசியதில்லை. இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று எந்த விதியும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கையுறை ஒரு பெரிய தலைவரால் வருவதில்லை. விபத்துக்கு முன்பே எழுதிவைத்த ஒரு பக்கச் சட்டத்தாலும், அதை நடத்துகிற ஒரு சாதாரண அதிகாரியாலும் வருகிறது. அதைக் கேட்டு வாங்கும் வாய் எண்ணூரில் ஏற்கெனவே இருக்கிறது.

*

2025 மாசியில் ஊருக்குப் போனேன். திருவொற்றியூர்க் கோயிலில் மாசித் திருவிழா. மகிழடி சேவைக்குப் போகவேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுந்தரர் இங்கே சங்கிலியாரை மணக்கிறார். உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்யவேண்டும். சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே ஏற்பாடு செய்துகொள்கிறார். சிவனோ சங்கிலியாரிடம், மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறார். வேறு வழியில்லாமல் அங்கே சத்தியம் செய்கிறார். பிறகு வசந்தம் வருகிறது. ஆரூர் நினைவு வருகிறது. ஊர் எல்லையைத் தாண்டுகிறார். கண் இரண்டும் போகின்றன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைக்கிறது. காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறுகண். அந்த வெண்பாக்கத்துப் பழைய கோயில், 1944இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் வந்தபோது முழுகும் பகுதிக்குள் போயிற்று. கோயிலை இடம் மாற்றினார்கள். அதே ஆறுதான் கீழே இறங்கி எண்ணூரில் கடல் சேர்கிறது.

சின்ன வயதில் இந்தக் கதையில் எனக்குச் சுந்தரர்மேல்தான் பரிதாபம். இந்த முறை கூட்டத்தில் நின்று மரத்தைப் பார்த்தபோது, ஊரிலேயே இருந்த சங்கிலியாரைப் பற்றிக் கதை அதிகம் பேசுவதில்லை என்று தோன்றியது. அம்மா என் கையைப் பிடித்து, "நீ போம்போது இங்க ஒண்ணும் சத்தியம் பண்லயே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

அன்றிரவு அக்கா வீட்டுத் தெருவில் பதினைந்து பேரைக் கூட்டினாள். அதை அவள்தான் ஏற்பாடு செய்தாள்; எனக்கு வெட்கமாக இருந்தது. தெருவிளக்கின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொன்னேன். அமோனியா என்றால் என்ன, குளோரின் என்றால் என்ன, ஈரத்துணி எதற்கு, கண்ணைத் தண்ணீரில் எவ்வளவு நேரம் கழுவவேண்டும், கிழவர்களையும் குழந்தைகளையும் யார் யார் தூக்குவது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது எப்படி. கவனமாகக் கேட்டார்கள். தேக்கா மேசையில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

முடித்தபோது ஒரு வயதான மீனவர் கேட்டார்: "அல்லாம் சரி தம்பி. காத்துக்குக் குறுக்கால ஓடணும்ன்ற. கெழக்கே கடலு. மேக்கே மணலி. வடக்கே கரண்ட் ஆபீஸு, தொறமுகம். தெக்கே ரோடு, அதுல கன்டெய்னர் லாரி நகராது. எங்கே ஓடறது?"

என்னிடம் பதில் இல்லை. எங்கள் ஆலையில் கூடுமிடம் என்று பச்சைப் பலகை வைத்திருக்கிறார்கள்; அதற்குப் போகும் பாதை மஞ்சள் கோட்டில் வரைந்திருக்கும். இங்கே அந்தக் கோட்டை யார் வரைவது? அதைத்தான் கேட்கவேண்டும், இந்த ஊருக்கு ஒரு வெளியேறும் பாதையை எழுதித்தரச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று சொன்னேன். "கேப்போம்" என்றாள் அக்கா, குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பேசும் அதே குரலில். மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இருபது வருடத்தில் ஊர் எனக்குக் கொடுத்த முதல் வேலை அது.

இன்னொன்றும் சொன்னேன். காற்றின் திசை தெரிய ஏதாவது துணி உயரத்தில் இருக்கவேண்டும், இரவிலும் வெளிச்சம் படும்படி. நான் வேண்டுமானால் ஒரு விண்ட்சாக் வாங்கி அனுப்புகிறேன் என்றேன். அக்கா மகன் தெருமுனையைக் காட்டினான்.

"அதான் கீதே மாமா."

விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஆறேழு கட்சிக் கொடிக்கம்பங்கள். இந்தக் கம்பங்களைப் பற்றி நான் எத்தனை தடவை கேலியாக எழுதியிருக்கிறேன். பொது இடங்களிலுள்ள கொடிக்கம்பங்களை அகற்றும்படி அந்த ஜனவரியில்தான் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருந்தது. நானும் அதை வரவேற்று இரண்டு வரி எழுதியிருந்தேன். கம்பங்கள் இன்னும் அங்கேதான் நின்றன. எல்லாக் கொடிகளும், நிறம் எதுவானாலும், கடலிலிருந்து வந்த காற்றில் மேற்குப் பக்கமாக, அக்கா வீட்டை நோக்கிப் படபடத்துக்கொண்டிருந்தன.

"கம்பத்தை எடுத்துட்டா?" என்றேன்.

"ஒரு மூங்கில நட்டு அம்மாவோட பழைய பொடவயக் கட்டிடலாம் மாமா" என்றான். "அத்த யாரு எடுக்கச் சொல்வாங்க?"